விற்றவர் திருப்பி வாங்கியே ஆக வேண்டும்: ‘ஷோர்ட் இன்ட்ரெஸ்ட்’ என்ற கணக்கு

‘இன்ட்ரெஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் நமது வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு. வட்டி என்ற பொருளில்தான் அது நமது காதில் பதிந்திருக்கிறது. ஆனால் பங்குச் சந்தையில் ‘ஷோர்ட் இன்ட்ரெஸ்ட்’ என்று சொல்லப்படுவது வட்டியல்ல. ஒரு கம்பனியின் பங்குகளில் எத்தனை பங்குகள் இரவல் வாங்கி விற்கப்பட்டு, இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் நிற்கின்றன என்ற எண்ணிக்கை அது. கடைக்காரர் பாஷையில் சொன்னால், பணத்துக்குப் பதிலாகப் பங்கில் எழுதப்பட்ட கடன் கொப்பி.

இந்தச் சொல் பண்டாரவளை வரை வந்துவிட்டது. வந்த வழி கைத்தொலைபேசி. நமது குடும்பங்களில் டோஹாவில் ஒருவர், டொரொன்டோவில் ஒருவர், லண்டனில் ஒருவர் என்று இருக்கிறார்கள். அங்கே அவர்கள் அமெரிக்கப் பங்குகளை வாங்கி விற்கிறார்கள். அந்தக் கதை வட்ஸ்அப் வழியாக இங்கே கடை மேசைக்கு வருகிறது. ஹாட்வெயார் கடை நடத்தும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நானா, இந்தக் கம்பனியில் ஷோர்ட் நாற்பது வீதமாம். இப்போது வாங்கினால் ஒரு கிழமையில் இரண்டு மடங்காகும் என்று மச்சான் சொல்கிறார். அவருடைய பெயரிலேயே எனக்கும் வாங்கிவைக்கிறாராம். கடைக் காசில் பத்து இலட்சம் போடட்டுமா?”

பத்து இலட்சம் என்பது அந்தக் கடையில் சீமெந்துக்கும் தகரத்துக்கும் சுழல்கிற காசு. ஆகவே கேள்வியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. ஷோர்ட் கூடிய பங்கு ஏறும் என்பது சரியா? அந்த எண்ணிக்கை எமக்கு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

உருளைக்கிழங்கில் ஒரு ஷோர்ட்

பங்கை விடுங்கள், கிழங்கை எடுத்துக்கொள்வோம். வெலிமடைப் பக்கத்துக் கிழங்குக்குக் கொழும்பில் எப்போதும் கிராக்கி உண்டு. ஒரு வியாபாரி திங்கட்கிழமை பேலியகொடை மெனிங் சந்தைக் கடைக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்கிறார்: “வெள்ளிக்கிழமை நூறு மூடை இறக்குகிறேன், கிலோ 200 ரூபா.” அப்போது அவரிடம் ஒரு மூடையும் இல்லை. வியாழக்கிழமை கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் விலை 170 ரூபாவுக்கு விழும், அங்கே வாங்கி லொறியில் ஏற்றிவிடலாம் என்பது அவரது எண்ணம். விழுந்தால் கிலோவுக்கு 30 ரூபா இலாபம். மழை பெய்து, பாதையில் மண் சரிந்து, வரத்துக் குறைந்தால்? 250 ரூபா கொடுத்தாவது வாங்கி அனுப்பத்தான் வேண்டும். கொடுத்த வாக்குக் கடையின் பெயரோடு சம்பந்தப்பட்டது.

இப்போது இப்படி வாக்குக் கொடுத்தவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருமாகச் சேர்த்து ஆயிரம் மூடை. வியாழக்கிழமை வந்திறங்கியதோ அறுநூறு. அன்று விலை ஏறுவதற்குக் கொழும்பில் எவருக்கும் புதிதாகக் கிழங்கு ஆசை வந்திருக்கத் தேவையில்லை. வாக்குக் கொடுத்த பத்துப் பேரின் அவசரமே போதும். பங்குச் சந்தையில் இதைத்தான் ‘ஷோர்ட் ஸ்குவீஸ்’ என்கிறார்கள். கழுத்தைப் பிடித்து நெரிப்பது போன்ற நிலை.

கெப்பெட்டிப்பொல வாசலில் ஒரு பலகையை வைத்து, ‘வாக்குக் கொடுக்கப்பட்டு இன்னும் ஏற்றப்படாத மூடைகள்: 1000’ என்று யாராவது எழுதிவைத்தால், அந்தப் பலகைதான் ஷோர்ட் இன்ட்ரெஸ்ட்.

பங்கில் இது நடக்கும் முறை சற்று வேறு. விலை விழும் என்று நினைப்பவர், பங்கை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து தரகர் மூலமாக அதை இரவல் வாங்குகிறார். அதற்கு ஒரு கட்டணம் கொடுக்கிறார், பிணையும் வைக்கிறார். வாங்கிய பங்கைச் சந்தையில் விற்றுவிடுகிறார். பின்னொரு நாள் அதே எண்ணிக்கையான பங்கைச் சந்தையில் வாங்கி, சொந்தக்காரரிடம் ஒப்படைக்கிறார். இடையில் கம்பனி இலாபப் பங்கு அறிவித்தால் அந்தத் தொகையையும் சொந்தக்காரருக்கு இவரே கட்ட வேண்டும். 100 ரூபாவுக்கு விற்றவர் அதிகபட்சமாக 100 ரூபா உழைக்கலாம், அதுவும் கம்பனி அடியோடு மூழ்கினால். விலை 300, 500 என்று ஏறினாலோ நட்டத்துக்கு எல்லையே கிடையாது.

கணக்கைப் பார்க்கும் விதம்

எண்ணிக்கையை மட்டும் கேட்டால் ஒன்றும் விளங்காது. ஒரு கம்பனிக்கு 10 கோடிப் பங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் 6 கோடி ஸ்தாபகர் குடும்பத்திடம், அவர்கள் விற்கப்போவதில்லை. சந்தையில் கைமாறக்கூடியது 4 கோடி. இரவல் விற்பனையில் நிற்பது 80 இலட்சம். மொத்தப் பங்கில் பார்த்தால் இது 8 வீதம். கைமாறக்கூடிய பங்கில் பார்த்தால் 20 வீதம். செய்தி அனுப்புகிறவர் எந்த வீதத்தைச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. அந்தப் பங்கு தினசரி சராசரியாக 10 இலட்சம் கைமாறுகிறது என்றால், ஷோர்ட் செய்தவர்கள் அனைவரும் திருப்பி வாங்கி முடிக்க, வேறு எவரும் வாங்காத நிலையிலும் 8 வியாபார நாட்கள் பிடிக்கும். தினசரி 80 இலட்சம் கைமாறுமாயின் ஒரே நாள். 20 வீதம் என்பது முதல் கம்பனியில் நெருக்கடி, இரண்டாவதில் சாதாரணம். என் அபிப்பிராயத்தில் வீதத்தை விட இந்த நாள் கணக்குத்தான் வியாபாரிக்கு உடனே பிடிபடும். சரக்கு தேங்கினால் எத்தனை நாளில் விற்று முடியும் என்று நாம் கணக்குப் பார்க்கிறோமே, அதைத் தலைகீழாகப் பிடித்தால் இதுதான்.

அமெரிக்காவில் இந்த எண்ணிக்கை மாதத்தில் இரண்டு தடவை எடுக்கப்படுகிறது. மாத நடுவில் ஒரு தடவை, மாத முடிவில் ஒரு தடவை. தரகு நிறுவனங்கள் ‘ஃபின்ரா’ எனும் அமைப்புக்கு அறிக்கை கொடுக்க, சுமார் ஏழு வேலை நாட்கள் கழித்து அது வெளியாகிறது. அதாவது நாம் படிக்கும்போது கணக்குக் குறைந்தது ஒன்றரைக் கிழமை பழசு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு வழி. 2012 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒரு கம்பனியின் பங்கில் 0.5 வீதத்தைத் தாண்டி ஷோர்ட் செய்பவர் தமது பெயரோடு பகிரங்கப்படுத்த வேண்டும். யார் என்று தெரிவது பெரிய வசதி. நமது ஊரிலும் கடன்காரர் எத்தனை பேர் என்பதைவிட யார் என்பதைத்தானே முதலில் கேட்கிறோம்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘இன்று நடந்த வியாபாரத்தில் 55 வீதம் ஷோர்ட்’ என்று சில செய்திகள் சுற்றி வருகின்றன. அது ஷோர்ட் இன்ட்ரெஸ்ட் அல்ல. ஒரு நாளில் ஷோர்ட் என்று குறிக்கப்பட்டு நடந்த விற்பனையின் அளவு அது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று சந்தையை ஓட்டும் நிறுவனங்கள் காலையில் ஷோர்ட்டாக விற்றுப் பின்னேரத்துக்குள் வாங்கி அடைத்துவிடுகின்றன. அதனால் பாதி வியாபாரம் ஷோர்ட் என்று காட்டுவது அங்கே சர்வ சாதாரணம். அன்றைய விற்றுவரவையும் கடன் கொப்பியில் நிற்கும் பாக்கியையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

நமக்கு இது ஆகுமா?

இந்தப் பத்தியைப் படிக்கும் பலருக்கு இதுவே முதற் கேள்வியாக இருக்கும். கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்குத் தடுத்த ஹதீஸ் திர்மிதி, அபூதாவூத், நஸாஈ ஆகிய கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. விளைபொருளுக்கு ‘ஸலம்’ என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் அதில் முழுப் பணமும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். அளவு, தரம், தவணை எல்லாம் குறிக்கப்பட வேண்டும். மேலே சொன்ன தொலைபேசிக் கிழங்கு வியாபாரம் இந்த நிபந்தனைகளுக்குள் வருகிறதா என்பதை அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நம்மவர் பலர் இதைக் கேட்பதே இல்லை.

பங்கைப் பொறுத்தவரை, பஹ்ரைனைத் தளமாகக் கொண்ட ‘அயோஃபி’ அமைப்பின் 21ஆவது ஷரீஆ நியமம், சொந்தமில்லாத பங்கை விற்பதையும் பங்கை இரவல் கொடுப்பதையும் அனுமதிக்கவில்லை. மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ சபை, ஒழுங்குபடுத்தப்பட்ட முறைக்கு இடம் கொடுத்து வேறு பார்வை பார்த்திருக்கிறது. சவூதி அரேபியாவின் தடாவுல் சந்தையிலும் 2017 ஏப்ரலில் இரவல் பங்கை விற்கும் முறை அறிமுகமானது. சந்தை அனுமதித்துவிட்டது என்பதால் மார்க்கம் அனுமதித்ததாக ஆகிவிடாது. பெரும்பான்மை உலமாக்களின் கருத்தை வைத்துப் பார்த்தால் ஷோர்ட் செய்வது நமது வேலையல்ல என்பதே எனது நிலைப்பாடு. ஆனால் பிறர் எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்ற கணக்கைப் படிப்பது தகவல் அறிவது மட்டுமே. பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் அது அதிகம் தேவை.

ஒல்லாந்தர் காலத்துப் பழக்கம்

இது நேற்று வந்த வித்தையல்ல. உலகில் பதிவான முதல் பெரிய ஷோர்ட் நடந்தது 1609இல், அம்ஸ்டர்டாமில். பாதிக்கப்பட்ட கம்பனி எது தெரியுமா? பின்னாளில் போர்த்துக்கேயரை விரட்டிக் கொழும்பைப் பிடித்து, நமது கறுவாவை ஏகபோகமாக்கி, நமது முன்னோரின் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு போட்ட அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. அதன் ஆரம்பகாலப் பெரும் பங்காளிகளில் ஒருவரான ஐசாக் லெ மெயர், கம்பனியோடு பகைத்துக்கொண்டு வெளியேறி, ஒரு கூட்டம் சேர்த்துக் கையில் இல்லாத பங்குகளை விற்றார். கம்பனியைப் பற்றிக் கெட்ட கதைகளையும் அந்தக் கூட்டம் பரப்பியது. 1610 பெப்ரவரியில் ஒல்லாந்த அரசு இப்படி விற்பதைத் தடை செய்தது. தடை புத்தகத்தில் இருந்தது, விற்பனை சந்தையில் இருந்தது. நானூறு வருடமாகியும் கதை பெரிதாக மாறவில்லை.

ஷோர்ட் செய்தவர்கள் சரியாக இருக்கும்போது

ஒருவர் பங்கை ஷோர்ட் செய்யும்போது, நட்டத்துக்கு எல்லையில்லை என்று தெரிந்துகொண்டே செய்கிறார். இரவலுக்கு ஒவ்வொரு நாளும் கட்டணமும் போகிறது. ஆகவே சும்மா ஒரு சந்தேகத்தில் இறங்குகிறவர்கள் குறைவு. கணக்குப் புத்தகத்தைக் கிளறிப் பார்த்து, ஏதோ நாற்றம் பிடித்த பிறகுதான் பலர் இறங்குகிறார்கள்.

ஜேர்மனியின் வயர்கார்ட் இதற்கு நல்ல உதாரணம். பணக் கொடுப்பனவு நிறுவனம். அந்நாட்டின் முன்னணி 30 கம்பனிகளின் சுட்டியில் 2018இல் இடம் பிடித்தது. லண்டனின் பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை அதன் கணக்கில் கோளாறு இருப்பதாகத் தொடர்ந்து எழுதியது. ஷோர்ட் செய்தவர்களும் கூடினார்கள். ஜேர்மன் கட்டுப்பாட்டு அதிகாரசபை செய்தது என்ன? 2019 பெப்ரவரியில் அந்தப் பங்கை இரண்டு மாதங்களுக்கு ஷோர்ட் செய்யவே தடை போட்டது. பத்திரிகையாளர்கள் மீது முறைப்பாடும் கொடுத்தது. கட்டுப்பாட்டாளரே காவல் நிற்கிறார் என்று நம்பி வாங்கிய சிறு முதலீட்டாளர் ஏராளம். 2020 ஜூனில் 190 கோடி யூரோ பணம் இல்லவே இல்லை என்று தெரியவந்தது. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட பணம் அது. அந்த வங்கிகளோ தம்மிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை என்றன. ஜூன் 25ஆம் திகதி கம்பனி வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. நூறு யூரோவுக்கு மேல் விற்ற பங்கு பத்தே நாளில் சில்லறையாகிப் போனது.

பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பார்த்து வந்ததும் இதைத்தான் காட்டுகிறது. ஷோர்ட் அதிகமாக உள்ள பங்குகள் சராசரியாகப் பின்னர் சந்தையை விடக் குறைந்த பலனையே தந்திருக்கின்றன. டொரொன்டோ மச்சான் சொல்வதற்கு இது நேர் எதிர். ஷோர்ட் கூடியது என்பது முதலில் ஓர் எச்சரிக்கைப் பலகை. அதிலும், ஒரே அளவில் பல வருடம் நிற்பதை விட, மூன்று வீதமாக இருந்தது சில மாதங்களில் ஒன்பதாகியிருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லா ஷோர்ட்டும் கம்பனி மீதான அவநம்பிக்கை என்றும் எடுத்துவிட முடியாது. கம்பனியின் வேறு கடன் பத்திரங்களை வாங்கியவர்கள் பாதுகாப்புக்காகப் பங்கை ஷோர்ட் செய்து வைப்பதும் உண்டு.

அகப்பட்டுக்கொள்ளும்போது

மறுபக்கமும் இருக்கிறது. வோக்ஸ்வேகன் கதையைக் கிழங்குக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 2008 ஒக்டோபர், உலகமே நிதி நெருக்கடியில் இருந்த நேரம். கார் கம்பனிகளின் பங்கு விழும் என்பது எல்லோரதும் எண்ணம். வோக்ஸ்வேகனின் சாதாரண பங்குகளில் சுமார் 12 வீதம் ஷோர்ட்டில் நின்றது. மிகப் பெரிய அளவென்று சொல்ல முடியாது. ஒக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, போர்ஷே கம்பனி ஓர் அறிவிப்பு விட்டது. தன்னிடம் 42.6 வீதப் பங்கு இருப்பதாகவும், மேலும் 31.5 வீதத்துக்கு ஒப்சன் ஒப்பந்தங்கள் இருப்பதாகவும் சொன்னது. கூட்டினால் 74.1. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 வீதத்துக்கும் சற்று மேல், அது விற்காது. ஆக, சந்தையில் மிஞ்சியது 6 வீதம்கூட இல்லை. வாங்கியே ஆக வேண்டியது 12 வீதம்!

வெள்ளிக்கிழமை 210 யூரோ அளவில் இருந்த பங்கு செவ்வாய்க்கிழமை 1000 யூரோவைத் தாண்டியது. சில மணி நேரம் வோக்ஸ்வேகன் உலகிலேயே பெறுமதி கூடிய கம்பனியாக இருந்தது. அந்த நாளில் அது ஒரு கார்கூட அதிகமாக விற்கவில்லை. போர்ஷே தனது ஒப்சன்களில் ஒரு பகுதியை விடுவிக்கச் சம்மதித்ததும் மறுநாளே விலை ஏறக்குறையப் பாதியானது. போர்ஷேயின் அப்போதைய தலைவர் மீதும் நிதிப் பொறுப்பாளர் மீதும் சந்தையை ஏமாற்றியதாக வழக்கு நடந்தது. 2016இல் இருவரும் விடுதலையானார்கள்.

இந்தக் கதையில் ஷோர்ட் இன்ட்ரெஸ்ட் மட்டும் தெரிந்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பங்கு யார் யாரிடம் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தவருக்கே நிலைமை விளங்கியிருக்கும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு வரும்போது தேவைப்படும்.

நமது இளைஞர்களின் வாயில் நிற்கும் பெயர் கேம்ஸ்டொப். வீடியோ விளையாட்டு விற்கும் அமெரிக்கக் கடைத் தொடர். 2021 ஜனவரி நடுவில் 6 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் ஷோர்ட்டில் நின்றன. சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் எண்ணிக்கையை விட அது அதிகம். நூறு வீதத்துக்கு மேல் எப்படி இரவல் கொடுக்கலாம் என்று கேட்பீர்கள். அஹ்மதிடம் இரவல் வாங்கிய பங்கை ஒருவர் பஷீருக்கு விற்கிறார். பஷீருக்கு அது இரவல் பங்கு என்று தெரியாது. அவருடைய தரகர் அதே பங்கை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறார். ஒரே பங்கு கடன் கொப்பியில் இரண்டு தடவை ஏறிவிட்டது. ஒரே காணி உறுதியை இரண்டு இடத்தில் ஈடு வைத்த மாதிரி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது குற்றம், இது அங்கே சட்டபூர்வம்.

ஜனவரி ஆரம்பத்தில் 17 டொலர் அளவில் இருந்த பங்கு, சிறு முதலீட்டாளர்கள் கூட்டாக இறங்கியதும் 28ஆம் திகதி 483 டொலரைத் தொட்டது. ஷோர்ட் செய்திருந்த மெல்வின் கெப்பிட்டல் அந்த ஒரு மாதத்தில் 53 வீதம் நட்டப்பட்டு, அடுத்த வருடம் மூடப்படுவதாக அறிவித்தது. ஏழை பணக்காரனை வென்ற கதையாக இதைச் சொல்கிறார்கள். நான் பார்ப்பது அடுத்த கணக்கை. ஜனவரி முடிவில் ஷோர்ட் 2 கோடிச் சொச்சமாக இறங்கிவிட்டது. அதாவது வாங்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் வாங்கி முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு வெளியானது பெப்ரவரி இரண்டாம் வாரத்தில். இடைப்பட்ட நாட்களில் ‘ஷோர்ட் நூறு வீதத்துக்கு மேல்’ என்ற பழைய செய்தியை நம்பி 300 டொலருக்கு வாங்கியவர் எத்தனை பேர்? பெப்ரவரி நடுப்பகுதி தாண்டும்போது பங்கு 40 டொலர் அளவில் நின்றது. வாக்குக் கொடுத்தவர்கள் மூடைகளை ஏற்றிவிட்டுப் போன பிறகு கெப்பெட்டிப்பொலவுக்குப் போய் 250 ரூபாவுக்குக் கிழங்கு வாங்கியவரின் நிலைதான் அது.

பலகையே இல்லாத சந்தை

அதானி குழுமத்தின் பெயர் நமக்குப் புதிதல்ல. கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையத்தில் பெரும்பான்மைப் பங்கு அவர்களுடையது. மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025இல் விலகிக்கொண்டதும் அவர்களே. 2023 ஜனவரி 24ஆம் திகதி ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க நிறுவனம் அக்குழுமத்தின் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. தானே ஷோர்ட் செய்திருப்பதையும் அறிக்கையிலேயே சொன்னது. குழுமம் எல்லாவற்றையும் மறுத்து 413 பக்கத்தில் பதில் கொடுத்தது. ஆனாலும் சந்தை கேட்கவில்லை. 3,400 இந்திய ரூபா அளவில் இருந்த அதானி என்டர்பிரைசஸ் பங்கு பெப்ரவரி 3ஆம் திகதி ஒரு கட்டத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. 20,000 கோடி ரூபாப் பங்கு வெளியீடு நிறைவேறிய மறுநாளே வாபஸ் பெறப்பட்டது. குழுமக் கம்பனிகளின் சந்தைப் பெறுமதியில் 10,000 கோடி டொலருக்கு மேல் கரைந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹிண்டன்பர்க் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி இந்த ஷோர்ட்டினால் அதற்குக் கிடைத்த மொத்த வருமானம் சுமார் 41 இலட்சம் டொலர்தான். ஊர் எரிந்த நெருப்பில் தேநீர் போட்ட அளவு.

நமது விஷயத்துக்கு முக்கியமானது வேறு. அந்த ஷோர்ட், அமெரிக்காவில் கைமாறும் கடன் பத்திரங்கள் மூலமும் இந்தியாவுக்கு வெளியே நடக்கும் ஒப்பந்தங்கள் மூலமும் செய்யப்பட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. மும்பாய்ச் சந்தையில் பங்குவாரியாக ஷோர்ட் கணக்குப் பலகை ஒன்று தொங்கியிருந்தாலும் இது அதில் விழுந்திருக்காது. 2024 ஜனவரி 3ஆம் திகதி இந்திய உயர் நீதிமன்றம் இவ்விவகாரத்தில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு நாள் கழித்து, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டுச் சபையான செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. நிறுவன முதலீட்டாளர்கள் விற்பனைக் கட்டளை கொடுக்கும்போதே அது ஷோர்ட்டா என்று சொல்ல வேண்டும். சாதாரண முதலீட்டாளர்கள் அன்றைய வியாபாரம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். தரகர்கள் பங்குவாரியாகக் கணக்கைச் சந்தைக்கு ஒப்படைக்க, அது கிழமைக்கு ஒரு தடவை வெளியாகும். பங்கை இரவல் வாங்காமலே விற்பதற்கு அங்கே அனுமதியில்லை. ஹிண்டன்பர்க் 2025 ஜனவரியில் தனது கடையை மூடுவதாக அறிவித்தது. அதே வருடம் செப்டெம்பரில் செபி, குற்றச்சாட்டுகளில் சிலவற்றுக்கு ஆதாரமில்லை என்று தள்ளுபடி செய்தது.

இனிக் கொழும்புக்கு வருவோம். கொழும்புப் பங்குச் சந்தையில் நெடுங்காலம் ஷோர்ட் செய்யவே வழி இருக்கவில்லை. அது இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்பதை 2009 முதல் 2012 வரை நாம் கண்டோம். 2008 முடிவில் 1,500 அளவில் நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டி, யுத்தம் முடிந்த உற்சாகத்தில் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. இலாபமே காணாத சின்னக் கம்பனிகளின் பங்குகளும் பல மடங்கு ஏறின. ‘இது இந்த விலை பெறாது’ என்று நினைத்தவர் செய்யக்கூடியதெல்லாம் வாங்காமல் இருப்பது மட்டுமே. அவரது அபிப்பிராயம் எந்தப் பலகையிலும் பதியாது. கடனுக்குப் பங்கு வாங்கியவர்களின் பங்குகள் கட்டாய விற்பனைக்கு வந்தபோது சுட்டி 2012 நடுப்பகுதியில் 5,000க்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் விசாரணைகளில் இறங்கிய பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகியதும் ஞாபகமிருக்கும். 2011இல் இந்திராணி சுகததாச, 2012இல் திலக் கருணாரத்ன.

அண்மைய ஆண்டுகளில் பங்கை இரவல் கொடுக்கவும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஷோர்ட் செய்யவும் இங்கேயும் விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அமெரிக்காவில் போல அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு சிறு முதலீட்டாளர் முடிவெடுக்கும் நிலைக்குக் கொழும்பு இன்னும் வரவில்லை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது வோக்ஸ்வேகன் கதையின் மற்றப் பாதியை. பங்கு யார் யாரிடம் பூட்டிக் கிடக்கிறது?

நமக்குத் தெரிந்த தோட்டக் கம்பனிகளையே எடுங்கள். 1992இல் அரச தோட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. பதுளை மாவட்டத்தில் தோட்டங்களை வைத்திருக்கும் மடுல்சீமை பிளான்டேஷன்ஸ் உட்படப் பல இன்று கொழும்புச் சந்தையில் இருக்கின்றன. தேயிலை விலை ஏறினால் இப்பங்குகளில் பரபரப்பு வரும். தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருப்பதால் நமது வியாபாரிகளுக்கும் ஒரு நம்பிக்கை, கொழுந்து வரத்து நமக்குத்தானே முதலில் தெரியும் என்று. ஆனால் இத்தகைய கம்பனிகளில் பெரும்பகுதிப் பங்கு தாய்க் கம்பனியிடமே இருப்பது வழக்கம். மிஞ்சிய கொஞ்சம்தான் சந்தையில் ஓடுகிறது.

ஒவ்வொரு கம்பனியும் காலாண்டுக்கு ஒரு தடவை வெளியிடும் அறிக்கையில் மிகப் பெரிய 20 பங்குதாரர்களின் பெயர்ப் பட்டியலும், பொதுமக்களிடம் உள்ள பங்கின் வீதமும் இருக்கும். நாள் கணக்கை இங்கே நமக்கு நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பனிக்கு ஒரு கோடிப் பங்கு, பொதுமக்களிடம் 15 வீதம், அதாவது 15 இலட்சம். தினசரி கைமாறுவது சராசரியாக 5,000 பங்கு. நீங்கள் ஓர் இலட்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள். பிள்ளையின் கலியாணத்துக்கு அவசரமாக விற்க வேண்டி வந்தால், சந்தையில் வேறு ஒருவரும் விற்காமல் உங்களுக்கே வழி விட்டாலும் 20 வியாபார நாட்கள் பிடிக்கும். கிட்டத்தட்ட ஒரு மாதம். விலை அதுவரை நிற்குமா என்பது வேறு கேள்வி.

முந்திய காலாண்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது பேரில் யார் புதிதாக வந்தார், யார் குறைத்தார், யார் காணாமல் போனார் என்பதெல்லாம் அதில் தெரியும். கொழும்பில் ‘இந்தப் பங்கை விடுகிறார்கள்’ என்ற கதை பரவும்போது அது உண்மையா என்று சரிபார்க்க நம்மிடம் உள்ள எழுத்து ஆதாரம் அதுதான். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். விளங்காவிட்டால் உங்கள் பங்குத் தரகரிடம் கேளுங்கள். அதற்கும் சேர்த்துத்தானே அவர் கமிஷன் எடுக்கிறார்.